சேதிப் பாறையும் மேலே பார்க்காத ஆமையும்

ஒரு காட்டில் ஒரு பாறை இருந்தது. சிங்கம் இல்லையா என்று கேட்காதீர்கள், இருந்தது. காட்டைச் சொல்லிவிட்டுச் சிங்கத்தைச் சொல்லாமல் விட்டால் கேட்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்தக் கதையில் சிங்கத்துக்குக் கோபப்படுவதைத் தவிர பெரிய வேலை கிடையாது. கதை அந்தப் பாறையைப் பற்றியது. அதைவிட, பாறைக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஓர் ஆமையைப் பற்றியது.

பாறைக்குச் சேதிப் பாறை என்று பெயர். நெட்டுக்குத்தாக, வழவழவென்று, யானை உயரத்துக்கு நிற்கும். பொழுது சாய்ந்ததும் மின்மினிகள் வந்து அதில் வரிசை வரிசையாக உட்காரும். பாறைக்கு அடியில் கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு மணல் பாத்தி. மேலே எத்தனை மின்மினியோ, கீழே அத்தனை கட்டம். ஒவ்வொரு மின்மினிக்கும் சொந்தமாக ஒரு கட்டம் உண்டு. கட்டத்தில் வெள்ளைக் கூழாங்கல் இருந்தால் அந்த மின்மினி ஒளி விடும். இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கும். புதருக்குள் இருந்து சிள்வண்டு ஒவ்வொரு தடவை 'சிர்ர்' என்னும்போதும் எல்லா மின்மினிகளும் குனிந்து தத்தம் கட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளும். இவ்வளவுதான் ஏற்பாடு. கீழே கல்லால் 'ஆற்றில் முதலை' என்று வைத்தால் மேலே ஒளியால் 'ஆற்றில் முதலை' என்று தெரியும். மான்கள் அன்றைக்குத் தண்ணீர் குடிக்காமல் படுத்துவிடும்.

இந்தக் கல் வைக்கும் உத்தியோகம் கச்சபேஸ்வரன் என்ற ஆமையிடம் இருந்தது. காட்டில் யாருக்கும் அவ்வளவு நீளமாகக் கூப்பிடப் பொறுமை இல்லாததால் அவர் வெறும் கச்சபம் ஆகிவிட்டார்.

கச்சபத்துக்கு மின்மினிகளைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அவை எந்த மலையில் இருந்து வருகின்றன, என்ன பேசுகின்றன, பகலில் எங்கே தூங்குகின்றன, எதுவும் தெரியாது. சாயங்காலம் ஆந்தை ஒன்று வந்து மின்மினிகளைத் தட்டி எழுப்பி, வரிசையில் உட்கார வைத்து, "கச்சபம், பாத்தி இங்கே இருக்கு, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு இரை தேடப் போய்விடும். அதற்குமேல் ஆந்தைக்கும் பொறுப்பு கிடையாது. சேதி சொல்ல வருகிறவர்கள் செங்கமலத்தம்மாள் என்ற முள்ளம்பன்றியிடம் போவார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் இருப்பார்களே, அந்த மாதிரி. அந்தம்மாள் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, தன் முள்ளாலேயே தேக்கிலையில் ஓட்டை ஓட்டையாகக் குத்திக் கொடுப்பார். அந்த இலையோடு வரிசையில் நின்று கச்சபத்திடம் நீட்ட வேண்டும். அவர் இலையைப் பாத்தியில் விரித்து, ஓட்டை இருக்கும் இடத்தில் எல்லாம் ஒவ்வொரு கல்லாக வைத்து, இலையை உருவிக்கொள்வார். அவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தேவையும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கக்கூடாது. இத்தனை காலத்தில் கச்சபம் ஒருமுறைகூடப் பாறையை அண்ணாந்து பார்த்தது இல்லை. கழுத்து அவ்வளவு வளையாது என்பது ஒரு காரணம். பார்த்து என்ன ஆகப் போகிறது என்பது இன்னொரு காரணம். "இன்னைக்குப் படம் பிரமாதம் கச்சபம்" என்று யாராவது சொன்னால் "ம்" என்பார். "ஒண்ணுமே புரியலையே கச்சபம்" என்றாலும் அதே "ம்" தான்.

இந்த உத்தியோகத்தோடு ஒரு சலுகையும் இருந்தது. பாறைக்கு அடியில் ஒரு சிறிய குகை. உள்ளே ஓர் ஊற்று. சித்திரை வெயிலில் காடே காய்ந்து கருகும்போதும் அந்த ஊற்று மட்டும் சில்லென்று கசிந்துகொண்டிருக்கும். பாறை உத்தியோகம் யாருக்கோ குகையும் அவருக்கு. கச்சபத்துக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆசை அந்தக் குகையிலேயே கிடந்து அங்கேயே கண்ணை மூட வேண்டும் என்பதுதான். வேறு தண்ணீர் வேண்டுமானால் மலைக்கு அந்தப் பக்கம் ஏரிக்குப் போக வேண்டும். அவருடைய பெரியப்பா ஒரு கோடையில் அந்த ஏரிக்குக் கிளம்பினார். அவருடைய ஓடு மட்டும் பாதி வழியில் கவிழ்ந்து கிடந்ததாகப் பிற்பாடு ஒரு நரி வந்து சொன்னது. அன்றிலிருந்து ஏரி என்ற பேச்சை எடுத்தாலே கச்சபம் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார்.

இப்படி இருக்கும்போது சிங்க மகாராஜாவின் பிறந்தநாள் வந்தது.

மகாராஜாவுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. பாறையில் தன் முகம் தெரிய வேண்டும். சும்மா தெரிந்தால் போதாது, பிடரி காற்றில் அசைய வேண்டும். செங்கமலத்தம்மாள் இராப்பகலாக உட்கார்ந்து அடுக்கடுக்காக இலைகளைக் குத்திக் கொடுத்தார். ஒவ்வொரு இலையிலும் பிடரி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருந்தது. கச்சபம் முதல் இலையை விரித்தார். மேல் வரிசையில் இருந்து கல் வைக்க ஆரம்பித்தார். ஆமை வேகத்தில் என்று சொல்லத் தேவையில்லை, வைத்தது ஆமைதான்.

பாத்தியில் ஏற்கனவே ஒரு சேதி இருந்தது. காட்டுப்பன்றி ஒன்று தன் குட்டியைக் காணவில்லை என்று படத்தோடு கொடுத்திருந்த சேதி. கச்சபம் மேல் பாதியை மாற்றி முடிப்பதற்குள் சிள்வண்டு எத்தனையோ முறை 'சிர்ர்' என்றுவிட்டது. மின்மினிகளும் கீழே இருப்பதை அப்படியே மேலே காட்டின. கூடியிருந்த காடு முழுவதும் பார்த்தது என்னவென்றால், மேலே மகாராஜாவின் கம்பீரமான முகம், கழுத்துக்குக் கீழே பன்றிக்குட்டியின் உடம்பு, சுருட்டிய வால், அதற்கும் கீழே 'கண்டால் தகவல் தரவும்'.

கழுதைப்புலி சிரித்துவிட்டது. அதற்கு அடக்கிக்கொள்ள வராது. மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

"யாரது கல் வைக்கிறவன்?" என்று மகாராஜா உறுமினார். "இருக்கிற இடத்தை விட்டுத் தூக்குங்க அவனை!"

மகாராஜாவின் காரியங்களை எல்லாம் பார்ப்பவர் கரடியார். அவர் மறுநாளே தெற்கு மலையில் இருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்துவிட்டார். வந்தது ஒரு கரிச்சான் குருவி. பெயர் மதுரபாஷிணி. இரட்டை வால், பளபளக்கும் கறுப்பு, பேச்சில் ஒரு துடிப்பு. பாறையில் உட்காரும் மின்மினிகள் தெற்கு மலையைச் சேர்ந்தவை என்பதையும், அவற்றுக்கென்று தனியாக ஒரு பாஷை இருப்பதையும் காட்டுக்கே முதன்முதலாகச் சொன்னவர் அவர்தான். அந்தப் பாஷையை ஆறு மாதம் அங்கேயே தங்கிப் படித்தவர்.

"கல்லு எதுக்குங்க?" என்று கேட்டார் மதுரபாஷிணி. "ஒவ்வொருத்தர் கட்டத்துலயும் தனித்தனியா எழுதிக்கிட்டு இருந்தா விடிஞ்சுரும். அவங்ககிட்ட நேராப் பேசினா வட்டம்னா வட்டம், கோடுன்னா கோடு. அவங்களே போட்டுக்குவாங்க."

கரடியாருக்கு வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. பிறகு கச்சபத்தின் பக்கம் திரும்பினார்.

"கச்சபம், இன்னைக்குச் சாயங்காலத்துலேருந்து இந்தம்மா பாத்துக்குவாங்க. குகையைக் காலி பண்ணிக் குடுத்துடும்."

"குகையுமா ஐயா?"

"உத்தியோகத்தோட வந்தது உத்தியோகத்தோட போகும். மலைக்கு அந்தாண்டை ஏரி இருக்கே, தண்ணி ததும்புதாம். போய்ச் சௌக்கியமா இரும்."

 கச்சபத்தின் கண் முன்னால் பெரியப்பாவின் ஓடு வந்து நின்றது. பயந்துபோனார் என்பதை மறைப்பானேன்? ரொம்பவே பயந்துபோனார். ஆனாலும் மேலதிகாரியிடம் பேசிப் பழக்கமில்லாததால் "ம்" என்றார்.

அன்று மாலை ஒரு சிக்கல். ஆந்தை வழக்கம்போல மின்மினிகளை உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டது. கச்சபம் பழக்கதோஷத்தில் கல் வைத்துக்கொண்டிருக்கும்போதே மதுரபாஷிணி மேலிருந்து குரல் கொடுத்தார். பாதி மின்மினிகள் கல்லைப் பார்த்தன, பாதி மின்மினிகள் குரலைக் கேட்டன. இரண்டும் கெட்டு ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. "ஒரு பாறைக்கு ஒரு ஆள்தாங்க," என்றார் மதுரபாஷிணி. "நான் வாயைத் திறக்கணும்னா முதல்ல அவர் காலை எடுக்கணும்." நியாயம்தான். கச்சபம் பாத்தியை விட்டு இறங்கினார். மதுரபாஷிணி எல்லா மின்மினிகளையும் ஒரேயடியாக எழுப்பித் தன் கணக்கில் வேறு வரிசையாக உட்காரச் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரம் பாறை முழுக்க இருட்டு. "ஐயோ போச்சு!" என்று முயல்கள் அலறின. அடுத்த கணம் பாறை பளிச்சென்று எழுந்தது. மகாராஜாவின் பிடரி காற்றில் அலை அலையாக அசைந்தது. ஒரு தடவை கண்ணைக்கூடச் சிமிட்டினார்.

நீங்கள் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் மொத்தையாக நாலு எழுத்து வந்து, ஒரு நொடி இருட்டாகி, பிறகு படம் கூர்மையாக வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? அந்த இருட்டில்தான் ஓர் ஆமை வேலையை விட்டு இறங்கிப் போகிறது. விஷயம் தெரிந்தவர்கள், திரையில் படம் போடும் மென்பொருள்களில் அந்த ஆமையை ஃப்ரேம்பஃபர் டிரைவர் என்றும், கரிச்சானை வீடியோ ஹார்ட்வேர் டிரைவர் என்றும் சொல்கிறார்கள். எனக்கு ஆமை, கரிச்சான் என்று சொன்னால்தான் விளங்குகிறது.

கச்சபம் ஏரிக்குக் கிளம்பினார். எதிரே வந்தவர்கள் எல்லோரும் "எங்க இவ்வளவு தூரம்?" என்று கேட்டார்கள். "கிளம்பிட்டேன்," என்றார். மறுநாளும் அவர்களே எதிரே வந்து அதையே கேட்டார்கள். அவரும் அதையே சொன்னார். சில நாள் கழித்து அவர் பாறைக்குப் பக்கத்திலேயே உள்ள மருதமரத்தடியில் இருந்தார். வேண்டுமென்றே மெதுவாகப் போனார் என்று சொல்லமாட்டேன். அவர் வேகமே அதுதான். ஆனால் வேகமாகப் போக வேண்டும் என்று அவர் நினைக்கவும் இல்லை.

பாறையில் படங்கள் அமர்க்களப்பட்டன. ஆனால் வரிசையில் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். காட்டுப்பன்றி தேக்கிலையை நீட்டியது.

"இதை என்ன பண்றது?" என்று கேட்டார் மதுரபாஷிணி.

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? பாத்தியில விரிங்க, கல்லை வைங்க."

"எனக்கு இலை வேண்டாங்க. என்ன வேணும்னு சொல்லுங்க. எங்கேருந்து எங்க கோடு, எவ்வளவு பெரிய வட்டம், அது போதும்."

"கோடா? எனக்கு என் குட்டி வேணும்மா!"

செங்கமலத்தம்மாள் முள் சிலிர்த்துக்கொண்டு வந்தார். "எங்க காலத்துலேருந்து இலைதான். இலை குத்த எனக்குத் தெரியும், இலை கொண்டாற இவங்களுக்குத் தெரியும். வட்டம் கேக்க யாருக்குத் தெரியும்? எல்லாரும் உன்கிட்ட வந்து பாஷை படிக்கணுமா? ஆமை எங்க? இலையை ஆமைகிட்டத்தான் குடுப்போம்."

வரிசை நீண்டு ஓடைவரை போய்விட்டது. யாரும் இலையைக் கீழே வைக்கவில்லை. கரடியார் வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், கடைசியில் ஓர் ஆணை போட்டார். இலையோடு வருபவர்களுக்குப் பாறையடியில் ஆமை ஒன்று இருந்தாக வேண்டும். உண்மையான ஆமையைத் திருப்பி அழைத்தால் மகாராஜா கோபிப்பார். ஆகவே மதுரபாஷிணியே ஆமையாக இருந்துகொள்ளட்டும்.

அப்படித்தான் தெற்கு மலையில் பாஷை படித்த மதுரபாஷிணி, காட்டுச் சுரைக்காயின் பாதி ஓட்டைக் கவிழ்த்துக்கொண்டு அதற்குள் உட்காரும்படி ஆயிற்று. இலை வந்ததும் ஓட்டுக்கு அடியில் இருந்து ஒரு கால் மெதுவாக நீளும். இலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே மதுரபாஷிணி ஓட்டைகளைப் பார்த்து, அதை மின்மினி பாஷைக்கு மாற்றி, கிசுகிசுவென்று மேலே சொல்வார். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் அவ்வளவு வேகமாக முடிந்தால் வரிசையில் நிற்பவர்களுக்குச் சந்தேகம் வருமே! ஆகவே கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு "ம்" என்பார். காட்டுப்பன்றிக்குத் திருப்தி. "நம்ம கச்சபம் இப்ப நல்லாத் தேறிட்டாரு," என்று சொல்லிக்கொண்டு போயிற்று.

மருதமரத்தடியில் இருந்து கச்சபம் இதைப் பார்த்தார். முதலில் கோபம் வந்தது. பிறகு வருத்தம் வந்தது. "ஓடு பரவாயில்ல. ஆனா கால் ரொம்ப ஒல்லியா இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேலை முடிந்ததும் குகைக்குள் மதுரபாஷிணி குளிக்கும் சத்தம் கேட்டது. அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மழைக்காலம் வந்தது. மேற்கில் இருந்து காற்று புரட்டி அடித்தது. ஒரு நாள் காலையில் தெற்கு மலை மின்மினிகள் கூண்டோடு கிளம்பிப் போய்விட்டன. மாலையில் வேறொரு கூட்டம் வந்து இறங்கியது. மேற்குச் சரிவைச் சேர்ந்தவை, பெரியவை, பச்சை ஒளி. பார்க்க முன்னதைவிட அழகு. காடே ஆவென்று பார்த்தது.

அன்றைக்கென்று பார்த்து மகாராஜாவின் மகளை நிச்சயம் பண்ண மலைக்கு மறுபக்கத்துப் புலிராஜா பரிவாரத்தோடு வந்துகொண்டிருந்தார். பாறையில் 'வருக' என்று எழுதி, கீழே இடது பக்கம் ஓர் அம்புக்குறி காட்ட வேண்டும். அம்புக்குறி இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் நேராகச் சேற்றுக்குட்டைக்குள் இறங்கிவிடுவார்கள்.

ஆந்தை மின்மினிகளை உட்கார வைத்துவிட்டுப் போனது. மதுரபாஷிணி அவற்றைத் தன் வரிசைக்கு மாறச் சொன்னார். எழுந்தன, ஆனால் எங்கே உட்காருவது என்று தெரியாமல் அப்படியே அணைந்துபோய்க் கிடந்தன. மறுபடி சொன்னார். மெதுவாகச் சொன்னார். பிறகு உரக்கச் சொன்னார், பாஷை தெரியாதவர்களிடம் நாமெல்லாம் பேசுவோமே அப்படி. பாறை கன்னங்கரேலென்று இருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார் கரடியார்.

"இவங்க வேற ஆளுங்க. நான் படிச்சது தெற்கு மலைப் பாஷை. இதைப் படிக்கணும்னா மேற்குச் சரிவுக்குப் போய்த் தங்கணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"ஒரு பருவம்."

தூரத்தில் மேளச்சத்தம் கேட்டது. மகாராஜா பாறையைப் பார்த்தார், பிறகு கரடியாரைப் பார்த்தார்.  நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டார். கரடியாருக்கு அது போதுமானதாக இருந்தது. ஓட்டமாக ஓடி மருதமரத்தடிக்கு வந்தார். கச்சபம் அங்கேதான் இருந்தார், நாலு அடி தள்ளி.

"கச்சபம், உமக்கு இந்தப் புதுக் கூட்டத்தோட பாஷை தெரியுமா?"

"பழைய கூட்டத்தோட பாஷையே தெரியாதே ஐயா."

"அப்ப எப்படிய்யா இத்தனை வருஷம்?"

"கல்லு வைப்பேன் ஐயா."

 கரடியார் கச்சபத்தை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். "எல்லாத்தையும் இறக்குங்க! ஆந்தையைக் கூப்பிடுங்க! முதல்லேருந்து ஆரம்பிங்க!" என்று கத்தினார். எந்தக் கோளாறு வந்தாலும் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். ஆந்தை முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து மின்மினிகளை மறுபடி தட்டி எழுப்பிப் பழைய வரிசையில் உட்கார வைத்தது. "இந்தம்மா இன்னைக்கு வாயே திறக்கக்கூடாது," என்று கரடியார் சொல்லிவிட்டார். மதுரபாஷிணி அலகை மூடிக்கொண்டு ஒரு கிளையில் போய் உட்கார்ந்தார்.

செங்கமலத்தம்மாள் குத்திக் கொடுத்திருந்த 'வருக' இலையோடு பாத்தியின் முன் கச்சபம் நின்றார்.  கல்லைப் பார்த்து இவை எரியும் என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. எரியாவிட்டால் கரடியார் என்ன ஆவார் என்பது வேறு விஷயம். தான் மறுபடி ஏரிப் பாதையில் நிற்க வேண்டும், இந்தத் தடவை மெதுவாகப் போகவும் விடமாட்டார்கள். மேல் மூலையில் முதல் கல்லை வைத்தார். சிள்வண்டு 'சிர்ர்' என்றது.

கூட்டம் மொத்தமும் மூச்சை இழுத்து விட்டது. கச்சபம் அண்ணாந்து பார்க்கவில்லை. அந்த மூச்சிலேயே விஷயம் விளங்கிவிட்டது. எந்த மலையில் பிறந்த மின்மினியானாலும் கல் இருந்தால் எரிய வேண்டும் என்பது மட்டும் தெரியும் போலிருக்கிறது. அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு இரண்டாவது கல்லை எடுத்தார்.

அம்புக்குறியை முதலில் வைக்கச் சொல்லி யாரோ கத்தியதால் சம்பந்தி வீட்டார் சேற்றில் இறங்காமல் தப்பித்தார்கள். அவர்கள் பாறைக்கு முன் வந்து நின்றபோது 'வ' முடிந்திருந்தது. 'ரு' வரும்வரை நின்றார்கள். அதற்குள் கால் வலிக்கவே உட்கார்ந்தார்கள். 'க' வருவதற்குள் பந்தி போட்டுச் சாப்பிட்டும் முடித்துவிட்டார்கள். மொத்தை மொத்தையான எழுத்து, ஒரே பச்சை. கரடியார் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

புலிராஜா ஏப்பம் விட்டுக்கொண்டே, "எங்க ஊர்ல ஒரே மூச்சுல வாங்கன்னு சொல்லிட்டு உள்ள போயிடுவாங்க. இவங்க ஒவ்வொரு எழுத்தா வரவேற்கறாங்க பாரு. இதுல்ல மரியாதை!" என்றார். மகாராஜா மீசையை நீவிக்கொண்டு, "எங்க வழக்கம் அது," என்றார்.

மதுரபாஷிணி மறுநாளே மேற்குச் சரிவுக்குப் போய்விட்டார். அவர் வரும்வரை கச்சபம்தான் பாறையைப் பார்த்தார். மரியாதை ஒரு வாரம்வரை இருந்தது. பிறகு பழையபடி, "இந்த ஆமையோட எழவெடுத்த வேகம்" என்று எல்லோரும் திட்ட ஆரம்பித்தார்கள். பருவம் முடிந்து மதுரபாஷிணி புதுப் பாஷையோடு திரும்பினார். முதல் மாலையே பாறையில் பச்சையிலேயே இத்தனை விதமா என்று காடு மயங்கிப்போகிற மாதிரி ஒரு மயிலை ஆட விட்டார். கச்சபம் யாரும் சொல்வதற்கு முன்பே பாத்தியை விட்டு இறங்கி ஏரிப் பக்கம் திரும்பினார். 

"எங்க போறீங்க?" என்றார் மதுரபாஷிணி.

"கிளம்பிட்டேன் மேடம்."

"போகாதீங்க." மதுரபாஷிணி பறந்து வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார். "நாளைக்குக் காத்து வடக்கேருந்து அடிச்சா நான் என்ன பண்ணுவேன்? அன்னைக்கு அந்தக் கிளையில உட்கார்ந்திருந்தேனே, மகாராஜா என்னைத்தான் பாத்துக்கிட்டே இருந்தாரு. நீங்க பக்கத்துலயே இருக்கணும். தினமும் சாயங்காலம் முதல்ல நீங்க பாத்தியில உட்காருங்க. நான் வந்து கனைச்சா இறங்கிக்குங்க. நான் சொல்லி அவங்க எரியலைன்னா திரும்ப ஏறிக்குங்க."

"தினமும் வேலை போகும்கறீங்க."

"தினமும் வேலை கிடைக்கும்ல?"

கச்சபம் யோசித்தார். அவர் யோசிக்கும் வேகத்துக்கு மதுரபாஷிணி பொறுமையாக இருந்தார். "எங்க இருக்கிறது?" என்று கேட்டார் கடைசியில்.

"குகையில. நீங்க தூரமாப் போயிடக்கூடாதுல்ல? கரடியார்கிட்ட நான் சொல்லிட்டேன். நான் கிளையில இருந்துக்கிறேன்."

"ஊத்துத் தண்ணி உங்களுக்குப் பிடிக்குமே."

"பிடிக்கும்," என்றார் மதுரபாஷிணி.  அதற்குள் அங்கே வரிசை நின்றுவிட்டது. காட்டுப்பன்றி இலையோடு முன்னால் நின்று கனைத்தது. மதுரபாஷிணி சுரை ஓட்டை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டார். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "ஒண்ணு கேக்கட்டுமா? இந்தப் பாஷை அவ்வளவு கஷ்டமில்ல. நான் சொல்லித் தர்றேன், கத்துக்கறீங்களா? நீங்களே முழுசாப் பாத்துக்கலாம். இந்த ஓட்டுக்குள்ள முதுகு ஒடியுதுங்க."

கச்சபம் பதறிப்போய்த் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். "வேணாம் மேடம்! கத்துக்கிட்டா அந்தக் கூட்டம் இருக்கிறவரைக்கும்தான் நான். ஒண்ணும் தெரியாம இருக்கிறதாலதான் எல்லாக் கூட்டத்துக்கும் ஆகுறேன்."

சுரை ஓட்டுக்கு அடியில் இருந்து ஒரு கால் நீண்டு, காட்டுப்பன்றியின் இலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க," என்றார் மதுரபாஷிணி. "ஒண்ணும் தெரியாம இருக்கிறதுக்கு எனக்குச் சொல்லிக் குடுங்க."

"அது உங்களால முடியாதும்மா," என்றார் கச்சபம், மனசார இரக்கப்பட்டு. "நீங்க படிச்சவங்க." சொல்லிவிட்டுக் குகைக்குள் போய் ஊற்றில் இறங்கினார். தண்ணீர் சில்லென்று இருந்தது.

நீதி: ஒரு வேலையை நன்றாகக் கற்றுக்கொண்டவரை அந்த வேலை இருக்கும்வரை வைத்துக்கொள்வார்கள். ஒன்றுமே கற்றுக்கொள்ளாதவரை எப்போதும் வைத்துக்கொள்வார்கள், வீடும் கொடுப்பார்கள்.